காம்பவுண்டு வாடகை போல ஈவுத்தொகை வருமா?

மதுரை வில்லாபுரத்தில் இருந்து எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வயது 46. தனியார் நிறுவனத்தில் கணக்காளர் வேலை, ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 7 லட்சம், ஓய்வூதியம் கிடையாது. மாதம் 15,000 ரூபாய் ஒதுக்க முடியும் என்கிறீர்கள். கீரைத்துறையில் உங்கள் தாய்மாமா பத்துக் குடித்தனம் கொண்ட காம்பவுண்டு வீட்டின் வாடகையை வைத்து, பிள்ளைகள் கையை எதிர்பாராமல் காலம் தள்ளுவதைப் பார்த்து, அதே போல 60 வயதில் மாதம் 25,000 ரூபாய் ஈவுத்தொகையாக (நிறுவனம் தன் லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் பணம்) வரும்படி பங்குகளைச் சேர்க்க முடியுமா என்று கேட்கிறீர்கள். 9 சதவீதத்துக்கு மேல் ஈவுத்தொகை தரும் பங்குகள் என்று ஒரு பட்டியலையும் அனுப்பி, அவற்றை மனைவி பெயரில் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஈவுத்தொகையை நம்பி ஒரு வருமானத்தைக் கட்டமைக்க முடியும். ஆனால் அந்தப் பட்டியலை வைத்து முடியாது. வெறும் ஈவுத்தொகையிலேயே 25,000 முழுவதும் வந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். நான் பல ஆண்டுகளாக வரிக்கணக்கு எழுதிக் கொடுத்து வருகிறேன். எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு ஈவுத்தொகை வந்தது, எந்த ஆண்டில் நின்றது என்பதை அவர்களின் பாஸ்புக்கிலேயே பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

வாடகைக்கும் ஈவுத்தொகைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். குடியிருப்பவர் வாடகை தராவிட்டால் உங்கள் மாமா கேட்டு வாங்கலாம், ஏனென்றால் அது பேசி முடித்த தொகை. வங்கி வைப்புத்தொகைக்கான வட்டியும் அப்படித்தான். ஈவுத்தொகையோ கடன் அல்ல. இயக்குநர் குழு பரிந்துரைத்து, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒப்புதல் தந்த பிறகுதான் இறுதி ஈவுத்தொகை நிறுவனம் கொடுத்தே தீர வேண்டிய கடனாகிறது. இடைக்கால ஈவுத்தொகையை இயக்குநர் குழுவே அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனா காலத்தில், 2019-20 லாபத்திலிருந்து ஈவுத்தொகை தர வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. நல்ல லாபத்தில் இருந்த வங்கிகள்கூட அந்த உத்தரவுக்குப் பிறகு பங்குதாரர்களுக்கு ஒரு ரூபாயும் தர முடியவில்லை. வங்கிப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு அதில் மளிகைச் செலவு பார்த்தவர்களுக்கு, காம்பவுண்டில் பத்து வீடும் ஒரே மாதத்தில் காலியானது போல ஆயிற்று.

மதுரைக்காரர்களுக்கு நன்றாகப் புரியக்கூடிய ஒரு உதாரணத்தைச் சொல்கிறேன். கருமுத்து தியாகராசர் செட்டியார் 1943-இல் இங்கே தொடங்கிய பேங்க் ஆஃப் மதுரா, 2001-இல் ஐசிஐசிஐ வங்கியுடன் இணைந்தது. பேங்க் ஆஃப் மதுராவின் ஒரு பங்குக்கு ஐசிஐசிஐ வங்கியின் 2 பங்குகள் கொடுத்தார்கள். அன்று 100 பங்குகள் வைத்திருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவை 200 ஆயின. 2014 டிசம்பரில் 10 ரூபாய் முகமதிப்புள்ள (சந்தை விலை அல்ல, பங்கின் மேல் குறித்திருக்கும் மதிப்பு) ஒவ்வொரு பங்கும் 2 ரூபாய் முகமதிப்புள்ள ஐந்து பங்குகளாகப் பிரிக்கப்பட்டபோது 1,000 ஆயின. 2017-இல் கையிலுள்ள பத்துப் பங்குக்கு ஒரு பங்கை இலவசமாக, போனஸாகத் தந்தபோது 1,100 ஆயின. இந்த 1,100 பங்குகளுக்கு 2018-19-க்கான ஈவுத்தொகை பங்குக்கு 1 ரூபாய். 2019-20-க்கு ஒன்றுமில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் 2, 5, 8, 10 என்று ஏறி, 2024-25-க்குப் பங்குக்கு 11 ரூபாய் கொடுத்தார்கள். அதாவது 12,100 ரூபாய். அந்த 100 பங்குகளை மறந்தே போனவர் வீட்டுக்கும் இந்தத் தொகை சேர வேண்டியதுதான்.

இதோடு நிறுத்தினால் நான் உங்களுக்குப் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் பங்குகளும் நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் தலைமுறையாக இருந்தன. பல ஆண்டுகள் ஒழுங்காக ஈவுத்தொகை தந்த வங்கி அது. பிறகு வாராக்கடன் பெருகி, 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டபோது, பங்கு மூலதனம் முழுவதும் அழித்துக் கணக்கு எழுதப்பட்டது. வைப்புத்தொகை போட்டவர்களின் பணம் பத்திரமாக இருந்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. அருகருகே உள்ள இரண்டு ஊர்களில், பதினேழு ஆண்டு இடைவெளியில் தொடங்கிய இரண்டு வங்கிகள். ஒன்றின் பங்கு பதினோரு மடங்காகப் பெருகியது, மற்றொன்று பூஜ்யமானது. 1990-இல் நின்றுகொண்டு எது எப்படிப் போகும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆகவே குறைந்தது பதின்மூன்று, பதினைந்து நிறுவனங்களிலாவது பிரித்துப் போடுங்கள் என்றும், எந்த ஒரு நிறுவனமும் மொத்தப் பணத்தில் 8 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்றும், ஒரே தொழிலில் மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றும் நான் யாரிடமும் பிடிவாதமாகச் சொல்வேன். இந்த எண்கள் என் அனுபவத்தில் வகுத்துக்கொண்டவை, சட்டம் அல்ல.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். கடந்த பன்னிரண்டு மாதங்களில் கொடுத்த ஈவுத்தொகையை இன்றைய விலையால் வகுத்து, பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். இந்தக் கணக்கு தவறில்லை, ஆனால் அது போன ஆண்டின் விளைச்சலை மட்டும் சொல்கிறது. வேதாந்தா நிறுவனம் 2022-23-இல் ஐந்து தவணையாகப் பங்குக்கு 101 ரூபாய் 50 காசு கொடுத்தது. 2023 மார்ச் இறுதியில் அந்தப் பங்கின் விலை 300 ரூபாய்க்கும் குறைவு. பட்டியலில் 33 சதவீதத்துக்கு மேல் என்று முதலிடத்தில் நின்றிருக்கும். அடுத்த ஆண்டு, 2023-24-இல், அதே நிறுவனம் கொடுத்தது 29 ரூபாய் 50 காசு. உலோக விலைகள் உச்சத்துக்குப் போன காலமும், கடன் சுமை கொண்ட தாய் நிறுவனத்தின் பணத் தேவையும் சேர்ந்து வந்த ஒரு பெருவெள்ளம் அது. சுரங்கம், உலோகம், எண்ணெய் போன்ற தொழில்கள் திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் காடு போன்றவை: மழை பெய்த ஆண்டில் பருத்தி வெடித்துக் கிடக்கும், பொய்த்த ஆண்டில் விதைத்ததும் திரும்பாது. அவற்றை வைத்திருக்கலாம், ஆனால் பெரியாறு கால்வாய்ப் பாசனத்து வயல் என்று நினைத்து வாங்கக் கூடாது.

கோல் இந்தியா வேறு வகையான பாடம். 2010 நவம்பரில் 245 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட பங்கு. 2013-14-இல் பங்குக்கு 29 ரூபாய் ஈவுத்தொகை கொடுத்தது. 2020-இல் விலை 150 ரூபாய்க்கும் கீழே கிடந்தது, அப்போதும் கொடுப்பதை நிறுத்தவில்லை. 2024-25-க்கு 26 ரூபாய் 50 காசு. வெளியீட்டில் வாங்கியவருக்குத் தன் முதலின் மேல் 10 சதவீதத்துக்கும் அதிகமாக ஆண்டு வருமானம் வருகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் 2014-இல் வந்த 29 ரூபாயைவிட 2025-இல் வருவது குறைவு என்பதைக் கவனியுங்கள். இந்தப் பதினோரு ஆண்டுகளில் அரிசியும் எண்ணெயும் பள்ளிக் கட்டணமும் எங்கே போய்விட்டன? ஏறாத ஈவுத்தொகை ஏறாத வாடகைதான். ஓய்வுக்குப் பதினான்கு ஆண்டுகள் இருக்கும் உங்களுக்கு, இன்று 1 அல்லது 2 சதவீதம் மட்டும் தந்தாலும் ஆண்டுதோறும் அதைக் கூட்டிக்கொண்டே போகும் நிறுவனமே, இன்றே 9 சதவீதம் தந்து அங்கேயே நிற்கும் நிறுவனத்தைவிட மேல். அத்தகைய பங்குகளுக்குப் பாதி இடமாவது கொடுங்கள்.

அந்த வளர்ச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் கணக்காளர், ஆகையால் இது உங்களுக்கு எளிது. நிறுவனத்தின் ஆண்டறிக்கை பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. லாப நட்டக் கணக்கோடு நின்றுவிடாமல் ரொக்க ஓட்ட அறிக்கையைத் திறந்து, தொழிலிலிருந்து உள்ளே வந்த ரொக்கம் எவ்வளவு, இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் போனது எவ்வளவு, மீதி எவ்வளவு, ஈவுத்தொகையாகக் கொடுத்தது எவ்வளவு என்று ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒரு தாளில் எழுதுங்கள். மீதியைவிட ஈவுத்தொகை பெரிதாக இருக்கும் ஆண்டுகள் தொடர்ந்து வந்தால், அந்தப் பணம் கடனிலிருந்தோ பழைய சேமிப்பிலிருந்தோ போகிறது என்று பொருள். கண்மாயில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது பயிருக்கு வேண்டிய அளவு மடையைத் திறப்பது வேறு, அடிமட்டத் தண்ணீரையும் இன்ஜின் வைத்து இறைத்து ஒரு போகத்துக்கு விட்டுவிடுவது வேறு. பொதுவாக லாபத்தில் 30 முதல் 60 சதவீதம் வரை கொடுத்து, கடன் குறைவாக வைத்து, மீதியைத் தொழிலில் திருப்பிப் போடும் நிறுவனம் எனக்கு நம்பிக்கை தரும். தொழிலில் போட இனி இடமில்லாத முதிர்ந்த நிறுவனம் 80 சதவீதம் கொடுப்பதிலும் தவறில்லை. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தங்கள் ஈவுத்தொகைக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2021-இல் விதித்தது. இரண்டு பக்கம்தான் இருக்கும், வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள். மத்திய அரசு நிறுவனங்களுக்குத் தனி வரையறை உண்டு: வரிக்குப் பிந்தைய லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மீதி) 4 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைக் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று 2024 நவம்பரில் திருத்தினார்கள்.

செய்தியில் வரும் சதவீதத்தைக் கண்டு மயங்காதீர்கள். நிறுவனங்கள் ஈவுத்தொகையை முகமதிப்பின் மேல் கணக்கிட்டு அறிவிப்பது பழைய வழக்கம். மேலே சொன்ன ஐசிஐசிஐ வங்கியின் 11 ரூபாய், 2 ரூபாய் முகமதிப்பின் மேல் 550 சதவீதம். அது அறிவிக்கப்பட்ட நாட்களில் பங்கின் விலை ஏறக்குறைய 1,400 ரூபாய். சந்தை விலையில் வாங்கியவருக்குக் கிடைத்தது 1 சதவீதத்துக்கும் குறைவு. தகுதித் தேதிக்கு (யாரிடம் பங்கு இருக்கிறது என்று பார்த்து நிறுவனம் ஈவுத்தொகை தரும் நாள்) முந்தின நாள் வாங்கி, ஈவுத்தொகையை வாங்கிக்கொண்டு மறுநாள் விற்றுவிடும் யோசனையையும் விட்டுவிடுங்கள். அன்று காலையிலேயே கொடுத்த தொகையை ஒட்டி விலை இறங்கித்தான் தொடங்கும், வரி மட்டும் உங்கள் தலையில் நிற்கும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 என்று தொடங்கி, ஆண்டுக்கு 5 சதவீதம் கூட்டிக்கொண்டே போய், வரும் ஈவுத்தொகை அனைத்தையும் மீண்டும் பங்கிலேயே போட்டு, எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால், பதினான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 68 லட்சம் சேரும். கூட்டாமல் அதே 15,000 என்றால் 53 லட்சம். இந்த 10 சதவீதம் ஓர் அனுமானம்தான், யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. 68 லட்சத்தின் மேல் 3 சதவீதம் ஈவுத்தொகை என்று வைத்தால் ஆண்டுக்கு 2 லட்சத்து 4 ஆயிரம், மாதம் 17,000. ஈவுத்தொகை மட்டுமே 25,000 தர வேண்டுமென்றால் ஒரு கோடி வேண்டும்.

ஆனால் 60 வயதில் உங்களுக்கு இன்னொரு கதவு திறக்கும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் அதன் வட்டியை 8.2 சதவீதமாக உயர்த்தினார்கள், காலாண்டுக்கு ஒருமுறை கைக்கு வரும். நீங்கள் ஓய்வுபெறும்போது வட்டி வேறாக இருக்கலாம். இதே விகிதம் என்று வைத்துப் பார்த்தால், 68 லட்சத்தில் 25 லட்சத்தை அங்கே மாற்றினால் ஆண்டுக்கு 2 லட்சத்து 5 ஆயிரம், மீதி 43 லட்சத்தின் ஈவுத்தொகை 1 லட்சத்து 29 ஆயிரம், இரண்டும் சேர்ந்து மாதம் 27,000 ரூபாய்க்கு மேல். சேமிப்புத் திட்டப் பணம் நிலையாக வரும், ஆனால் ஏறாது. பங்கின் பணம் ஆடும், ஆனால் காலப்போக்கில் ஏறும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், பதினான்கு ஆண்டு கழித்து வரும் 25,000 ரூபாய்க்கு இன்றைய 11,000 ரூபாயின் மதிப்புதான் இருக்கும் என்பதால், அந்த ஏறும் பகுதியை விட்டுவிட முடியாது. பி.எஃப். பணத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. நீங்களும் அதைத் தொடாதீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவை வங்கியில் தனியாக வைத்த பிறகே முதல் பங்கை வாங்குங்கள்.

மாற்றும்போது எல்லாப் பங்குகளையும் ஒரே நாளில் விற்க வேண்டாம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கின் லாபத்தில் ஆண்டுக்கு 1 லட்சத்து 25 ஆயிரம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 57 வயதிலிருந்தே சிறிது சிறிதாக விற்று வந்தால் அந்தச் சலுகை பல ஆண்டுகளுக்குக் கிடைக்கும்.

ஈவுத்தொகைக்கு 2020 மார்ச் வரை நிறுவனமே வரி கட்டியது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் அது வாங்குபவரின் வருமானத்தோடு சேர்ந்து அவரவர் வரம்பின்படி வரிக்கு உட்படுகிறது. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை உள்ள சாதாரண வருமானத்துக்கு வரி வராததால், உங்கள் சம்பள நிலையில் இப்போதைக்குச் சுமை இல்லை. எனினும் ஒரே நிறுவனத்திடமிருந்து ஓராண்டில் 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) பிடிப்பார்கள். மேலே சொன்ன ஐசிஐசிஐ பங்குகளின் 12,100 ரூபாயில் 1,210 பிடித்தம் போக, பாஸ்புக்கில் 10,890 என்றுதான் பதிவாகியிருக்கும். வரி கட்ட வேண்டியிராதவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பி வரும், செய்யாதவர்களுக்கு வராது.

வரவு மாதாமாதம் சீராக வராது என்பதையும் சொல்ல வேண்டும். மார்ச்சில் கணக்கு முடித்த நிறுவனங்கள் செப்டம்பருக்குள் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும் என்பதால், இறுதி ஈவுத்தொகையில் பெரும்பகுதி ஆடி, ஆவணி, புரட்டாசியில் வந்து குவியும். தை, மாசியில் சில இடைக்காலத் தொகைகள் வரும். சித்திரைத் திருவிழாச் செலவுக்குக் கையில் பெரிதாக ஒன்றும் வராது. எல்லா ஈவுத்தொகையும் தனியான ஒரு சேமிப்புக் கணக்கில் விழும்படி செய்து, அங்கிருந்து மாதம் ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும் குடும்பங்கள் நிம்மதியாக இருப்பதை நான் பார்க்கிறேன். மியூச்சுவல் ஃபண்டில் இதே போன்ற திட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அவற்றில் வரும் தொகையில் உங்கள் சொந்த முதலின் ஒரு பகுதியும் சேர்ந்திருக்கலாம் என்பதால்தான், 2021 ஏப்ரல் முதல் அதை ‘டிவிடெண்ட்’ என்று அழைக்காமல், வருமானப் பகிர்வும் மூலதனத் திரும்பப் பெறலும் சேர்ந்த திட்டம் என்று பெயர் மாற்றச் செய்தது செபி.

சென்ற ஆண்டு செல்லூரிலிருந்து ஓர் அம்மா மஞ்சப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள். பைக்குள் பழைய பஞ்சாங்கம், அதன் நடுவே மடிப்பு விழுந்த நான்கு பங்குச் சான்றிதழ்கள், அவற்றோடு ரப்பர் பேண்டு போட்ட பதினான்கு ஈவுத்தொகைக் காசோலைகள். 87 ரூபாய் 50 காசு, 120 ரூபாய், 162 ரூபாய் 50 காசு என்று சின்னச் சின்னத் தொகைகள். ஓரத்தில் கிழிக்க வேண்டிய துளைக்கோடுகூட அப்படியே இருந்தது, ஒன்றைக்கூட வங்கியில் போடவில்லை. ‘சில்லறைக் காசுதானே, மொத்தமாகப் போட்டுக்கலாம்னு வச்சிருந்தாரு’ என்றார். அந்தக் காசோலைகள் எப்போதோ காலாவதியாகிவிட்டன. ஏழு ஆண்டுகள் வாங்காமல் கிடந்த ஈவுத்தொகை, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதி என்ற மத்திய அரசின் நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை வாங்காத பங்குகளும் அதனோடு போய்விடும். பணத்தின் உரிமை அழிவதில்லை, விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். ஆனால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பெயரில் ஓர் எழுத்து மாறியதற்கு உறுதிமொழிப் பத்திரம் என்று அந்த அம்மா அலைந்துகொண்டே இருக்கிறார், இன்னும் கைக்கு வரவில்லை. உங்கள் வீட்டு அலமாரியிலும் பெரியவர்கள் வைத்த பங்குத்தாள் ஏதாவது இருந்தால், புதிதாக வாங்குவதற்கு முன் அதை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, மனைவி பெயரில் வாங்குவது. உங்கள் சம்பளப் பணத்தைக் கொடுத்து அவர் பெயரில் வாங்கினால், அந்த ஈவுத்தொகை வரிச் சட்டப்படி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். வரி மிச்சம் என்று அதைச் செய்வதில் பயன் இல்லை. அவர் தையல் தொழிலில் சொந்தமாகச் சம்பாதிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் அவர் பெயரில் தனி டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு) தொடங்கி வாங்கினால் வருமானம் அவருடையது, அதைத் தாராளமாகச் செய்யலாம். உங்கள் கணக்கில் அவரை நாமினியாகப் பதிவு செய்து, எந்த வங்கிக் கணக்கில் ஈவுத்தொகை விழுகிறது, எந்தெந்த நிறுவனம், எத்தனை பங்கு என்பதை ஒரு நோட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து, வந்த தொகையைப் பாஸ்புக்கோடு ஒப்பிட்டு, வராதது எது என்று அவரையே குறிக்கச் சொல்லுங்கள்.